முறுக்கின் பட்டினி

வாங்க தம்பி, உள்ளார வாங்க. செருப்போட வந்தாலும் போச்சாது. மாவு மில்லுக்காரன் ஊட்டுத் தரையில சுத்தமென்ன, அழுக்கென்ன. முப்பத்தஞ்சு வருசமா இதே சூலூர்ல அரைச்சுக்கிட்டுக் கெடக்கறேன், என்ற தலை எப்ப நரைச்சுதுன்னு எனக்கே தெரியாது. அந்தச் சேர் வேண்டாமுங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க.

மீன் தொட்டி விக்கற கடைக்காரர் போன் பண்ணுனாரு. பொள்ளாச்சியில இருந்து ஒரு தம்பி வருது, அது வளக்கற பாம்பு எரை எடுக்க மாட்டேங்குது, நீங்க ஒரு வார்த்தை பேசுங்கன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாம்பு தின்னலைன்னா என்னைய எதுக்குங்க கேக்கறது? நான் என்ன மகுடியா ஊதறேன்? அப்பறம் நெனச்சுப் பாத்தேன். சரி, இந்தச் சுத்துவட்டாரத்துல தின்னாத பாம்ப வெச்சுக்கிட்டு மாரடிச்சவன் நான் ஒருத்தந்தான்.

எத்தன நாளாச்சுங்க? நாப்பத்தேழா? அட போங்க தம்பி. மூஞ்சியப் பாத்தா பாம்பு தின்னாத மாதிரி இல்ல, நீங்க தான் தின்னாத மாதிரி இருக்கறீங்க. நாப்பத்தேழு நாளெல்லாம் அதுக்கு ஒரு பொழுதுங்க. நம்முளுது ஏழு மாசம். ஏழு மாசம் ஒரு வாய் எடுக்கலை. எங்க, போட்டோ காட்டுங்க. ஆமா, இதே சாதி தான், பால் பைத்தான், பந்தாட்டச் சுருண்டுக்கற மலைப்பாம்பு. இதே பழுப்பு, இதே கருப்புப் பட்டை. மூஞ்சி மட்டும் நம்முளுது கொஞ்சம் லட்சணம். தப்பா எடுத்துக்காதீங்க.

நான் வாங்குனதில்லீங்க அது. என்ற பையன் சுதர்சன் வாங்குனது. ஒரே பையன். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி, தெனமும் பஸ்ஸுல போய்ட்டு பஸ்ஸுல வருவான். ஒரு நாள் பொழுதோட ஒரு துணிப்பையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறான். கத்தாதம்மா, நம்மூருப் பாம்பில்ல, ஆப்பிரிக்கா, வெசமில்ல, கவருமெண்டுல பதிஞ்சு பேப்பரெல்லாம் வெச்சிருக்கறேன்னு அவுங்கம்மாகிட்டச் சொன்னான். என்கிட்டச் சொல்லலை. எனக்கும் அவனுக்கும் பேச்சே அவ்வளவு தான். நடுவுல வசந்தாமணி நின்னா தான் ஓடும். வசந்தாமணின்னா என்ற சம்சாரமுங்க. அவ பைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, சுருண்டு கெடக்கறது கைமுறுக்காட்ட இருக்குதேன்னா. அன்னையில இருந்து அதுக்குப் பேரு முறுக்கு.

நான் குதிச்சேன். மில்லுல எலிக்குப் பொறி வெச்சு வெச்சு ஓஞ்சு போனவன் நான், நீ எலியக் கடையில வாங்கி ஊட்டுக்குள்ள கொண்டாறயான்னு கேட்டேன். ஒண்ணு அது இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, அது பத்து நாளைக்கு ஒருக்கா தான் சாப்புடும்ப்பா, நீங்க மூணு வேளையாச்சேங்கறான். எகத்தாளம் புடிச்ச பய. மூணு வருசம் மாடி ரூமுல கண்ணாடிப் பொட்டியில வெச்சு வளத்தினான். அந்த மூணு வருசத்துல நான் அந்த ரூமுக்குள்ள நாலு தடவ போயிருந்தா அதிகமுங்க.

போன வருசம் ஐப்பசியில அவனுக்கு டெங்கு வந்துது. எட்டு நாளு. எட்டே நாளுங்க தம்பி. ஆசுபத்திரியில யாரையும் குத்தஞ் சொல்ல மாட்டேன், அவுங்களும் பாத்தாங்க. கடைசி ரண்டு நாள் நாந்தான் கஞ்சிய ஸ்பூன்ல எடுத்து வாய்க்கிட்டக் கொண்டு போனேன். வாயத் தொறக்கலை. கோவமெல்லாம் இல்ல. மெதுவா, ரொம்ப மெதுவா, தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். ஒரு வாய்டா சாமின்னேன். இருவத்தாறு வயசுப் பையன சாமின்னு கூப்புட்டு எத்தன வருசமாச்சோ தெரியலை. திரும்பலை. அதைய உடுங்க.

எங்கள்ல ஒரு வழக்கமிருக்குதுங்க, உங்க பக்கம் எப்படியோ. எழவு உழுந்த ஊட்ல கருமாதி முடியற வரைக்கும் கறி ஆக்கறதில்ல. கருமாதி கழிஞ்ச மக்கா நாள், பொண்டாட்டி பொறந்த ஊட்டுக்காரங்க வந்து கெடா அறுத்து, அவுங்களே ஆக்கி, அவுங்களே எலையில போட்டுத் தின்ன வெப்பாங்க. துக்கம் முறிக்கறதும்பாங்க. அந்தக் கறிய ஒரு வாய் வெச்சுட்டா துக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பறம் மில்லத் தொறக்கலாம், நாலு பேர்கிட்டப் பேசலாம், சிரிக்கலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

என்ற மச்சினன் கதிர்வேலு தான் ஆக்கிப் போட்டான். நான் எலைய மூடிட்டேன். மாமா, ஒரு துண்டு, சாஸ்திரத்துக்கு ஒரு துண்டுன்னு கெஞ்சுனான். மூடுனது மூடுனது தான். இந்த நிமிசம் வரைக்கும் நான் கறி தொடலைங்க. ஆனா வசந்தாமணி தின்னா. நல்லாப் பெசஞ்சு தின்னா. எலும்ப ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு ரண்டாவது சோறு கேட்டு வாங்கித் தின்னா தம்பி. பெத்தவ. பதினேழு நாளைக்கு முந்தி அந்தப் பையனக் குடுத்துட்டு உக்காந்திருக்கற பெத்தவ. அவளுக்குச் சக்கரை இருக்குது, ஊசி போட்டா தின்னே ஆகோணும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் அன்னிக்கி அவ கையி வாய்க்குப் போனதைய என்னால தாங்க முடியலை.

கை கழுவற எடத்துல ஒரே சத்தம். ஏப்பம் உடறானுங்க, பல்லுக் குத்தறானுங்க. நான் தப்பிச்சுத் தான் மாடிக்குப் போனேன். பொட்டிக்குள்ள ஒரு வெள்ளெலி செத்துக் கெடக்குது. பையனோட சிநேகிதன் யாரோ ரண்டு நாளைக்கு முந்தி ஐஸுல வெச்சிருந்ததைய எடுத்து, சுடுதண்ணியில சூடு பண்ணிப் போட்டுட்டுப் போனதாமா. அது தொடலை. அதுக்கு முந்திப் போட்டதையும் தொடலையாமா. மூலையில சுருண்டு, தலைய நடுவுல வெச்சு மறைச்சுக்கிட்டுக் கெடக்குது. என்ற பின்னாலயே கதிர்வேலு வந்தவன் பாத்துட்டு, வாயில்லாத சீவன் மாமா, அதும் துக்கம் காக்குதாட்ட இருக்குதுன்னான்.

அவன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னானோ என்னமோ. அந்த வார்த்தை என்னைய அப்படியே புடிச்சுக்கிச்சுங்க. ஊரே தின்னுட்டு ஏப்பம் உடுது, பெத்தவளே தின்னுட்டா. இது ஒண்ணு தின்னலை.

அன்னிக்கே என்ற பையன் போட்டோவ ஹால்ல இருந்து எடுத்துட்டுப் போய் அந்தப் பொட்டி பக்கத்துல வெச்சேன். வெளக்கு வெச்சேன். வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, கரி பத்த வெச்சு சாம்பிராணி போட்டேன். ஜன்னல் தொறந்திருந்தா வெளக்கு நிக்க மாட்டேங்குதுன்னு சாத்திட்டேன். மூணு வருசமாப் போவாத ரூமுல, தெனமும் ரண்டு மணி நேரம் உக்காந்திருப்பேன். அதுகிட்டப் பேசுவேனுங்க. சிரிக்காதீங்க. சுதர்சன் சின்னதுல மில்லுப் பெல்ட்டுல கைய உடப் பாத்தது, நான் அறைஞ்சது, அவன் ரண்டு நாள் பேசாம இருந்தது, எல்லாஞ் சொல்லுவேன். அது கேக்கும். தலைய அசைக்காம கேக்கும்.

திங்கக்கெழம திங்கக்கெழம மில்லுத் தராசுல துணிப்பையோட வெச்சு நிறுப்பேன். மொதல்ல ஆயிரத்து நானூத்தி இருவது கிராம். அப்பறம் கொறைய ஆரம்பிச்சுது. மாவு அரைக்க வர்ற பொம்பளைங்க கேள்விப்பட்டுப் பாக்கோணும்னாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். எசமான் போன துக்கத்துல பட்டினி கெடக்குதுன்னு சொன்னா, கன்னத்துல கைய வெச்சுக்கிட்டுக் கண்ணத் தொடச்சுக்குவாங்க. சில பேரு கும்புட்டாங்க. எனக்கு... எப்படிச் சொல்றது, பெருமையா இருந்துதுங்க. செத்த ஊட்ல என்ன பெருமைன்னு கேப்பீங்க. இருந்துது, சொல்லிட்டேன்.

மாசியில நிறுத்தப்ப ஆயிரத்து நூறுக்குக் கீழ போயிருச்சு. தோலு மடிப்பு மடிப்பாத் தெரியுது. அப்பத் தான் எனக்குப் பயம் வந்துது. அவன் ஆசையா வளத்தது, அதையும் பறி குடுத்தறக் கூடாதுன்னு, என்னென்னவோ பண்ணுனேன். மில்லுப் பொறியில ஒரு எலி உசுரோட மாட்டுச்சு, அதையப் பொட்டிக்குள்ள உட்டேன். அந்த எலி என்ன பண்ணுச்சுங்கறீங்க, இது சும்மா கெடந்ததும் முதுகுல கடிச்சு வெச்சுருச்சு. உசுரோட மட்டும் போட்டுட்டு அக்கட்ட போயிறாதீங்க தம்பி, சொல்லிட்டேன். அப்பறம் வெள்ளெலியச் சூடு பண்ணி, இடுக்கியில புடிச்சு மூஞ்சிக்கு நேரா ஆட்டுனேன். முறுக்கு, ஒரு வாய் சாமின்னேன்.

மெதுவாத் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

தம்பி, என்ற கை அப்படியே நின்னு போச்சு. அதே மாதிரிங்க. அச்சு அதே மாதிரி, கோவமில்லாம, மெதுவா. நான் இடுக்கியக் கீழ போட்டுட்டு உக்காந்து அழுதேன். அதுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துதுங்க. என்ற பையன் இன்னும் இங்க தான் எங்கியோ இருக்கறான்னு தோணுச்சு. இல்லீன்னா அதுக்கு எப்படித் தெரியும் அந்தத் திருப்பல்?

வசந்தாமணி தான் டாக்டரம்மாவக் கூட்டியாந்தா. நஸ்ரீன்னு, சின்ன வயசு, பறவைக்கும் பாம்புக்கும் பாக்கறவங்க. ரூமுக்குள்ள கால் வெச்சதும் இருமுனாங்க, நேராப் போய் ஜன்னலத் தொறந்தாங்க. அப்பறந்தான் பாம்பயே பாத்தாங்க. வாயத் தொறந்து பாத்து, சளி கட்டியிருக்குதுன்னு ஊசி போட்டாங்க. பாம்பு நாக்குல தான் மோப்பம் புடிக்குமாமா. இந்தப் பொகையில அதுக்கு எலி எது, செவுரு எதுன்னே தெரியாதாமா. நெஞ்சும் கெட்டுப் போகுமாமா. எனக்குக் கோவம் வந்துருச்சு. கும்புடற பொகைங்க அது, எங்கப்பன் காலத்துல இருந்து போடறோம், இந்த ஊட்ல ஒருத்தனும் சாம்பிராணியில சாகலைன்னேன். அந்தப் பொண்ணு போட்டோவப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. சார், ஒரு ரண்டு வாரம் போட்டோவ வேற ரூமுக்கு மாத்துங்க, அது சாப்புட்டுரும்னு மெல்லச் சொன்னாங்க.

நிறுத்துனேன். பொய் சொல்ல மாட்டேன், ரண்டு நாள் பொகைய நிறுத்தி, போட்டோவக் கீழ வெச்சேன். மூணாம் நாள் உள்ள போனா அது வெறும் ரூமா இருக்குது. ஒரு கட்டிலு, ஒரு பொட்டி, ஒரு பாம்பு. என்ற பையன் அங்க இல்லவே இல்ல. போட்டோவத் திருப்பி வெச்சு, ஜன்னலச் சாத்திட்டுக் கரியப் பத்த வெச்சேன்.

வைகாசியில எனக்குக் கண்ணுப் பொரை ஆபரேசன். மாவுத் தூசி ஆகாது, பொகை ஆகாது, ஒரு பத்து நாள் வேற எங்காச்சும் இருங்கன்னாங்க. சிங்காநல்லூர்ல என்ற தங்கச்சி ஊட்ல இருந்தேன். பன்னண்டாம் நாள் வந்து எறங்கறேன், வசந்தாமணி மில்லுல மொளகா அரைச்சுக்கிட்டிருக்கறா. மிசினு சத்தத்துக்கு மேல கத்தறா, சாப்புட்டுருச்சுங்க, ரண்டு தடவ சாப்புட்டுருச்சுங்கன்னு. எனக்கு ஒரு நிமிசம் யாரச் சொல்றான்னே புரியலை.

மேல போனேன். ஜன்னல் ஆவுன்னு தொறந்து கெடக்குது. தரையக் கழுவி உட்டிருக்கறா. போட்டோ கீழ ஹாலுக்குப் போயிருச்சு. அது பொட்டியில சுருண்டு கெடக்குது, நடு ஒடம்பு புடைச்சுக்கிட்டு. நல்லாத் தின்னுட்டு, நிம்மதியா. என்ற வயிறு எரிஞ்சுதுங்க தம்பி. சந்தோசப்பட வேண்டியவன் தான. ஏழு மாசமா அதுக்குத் தான் மாரடிச்சேன். ஆனா எனக்குத் தோணுனது ஒண்ணே ஒண்ணு தான். இதும் தின்னுருச்சு.

வசந்தாமணி பின்னாலயே படியேறி வந்தா. கையெல்லாம் மொளகாப் பொடி.

"யாரக் கேட்டுப் பண்ணுன?"ன்னேன்.

"துக்கம் முறிச்சு உட்டேனுங்க. அதுக்கு வேற ஆரு இருக்கறா, நாந்தான போடோணும்"னா.

"உனக்குத் தின்னாப் போதும். எவன் செத்தா என்ன"ன்னு கேட்டுப்போட்டேன். கேட்டிருக்கப்படாது. ஏழு மாசமா வாயில வெச்சிருந்தது, வந்துருச்சு.

அவ அழுவான்னு நெனச்சேன். அழுவலை.

"தெனமும் ஒண்ணரை மணிக்கு கம்பெனியில இருந்து போன் பண்ணுவானுங்க. சாப்புட்டயாம்மாங்கறது ஒண்ணு தான் கேப்பான். சாப்புட்டேன் கண்ணுன்னு சொன்னா தான் வெப்பான். இன்னிக்கும் ஒண்ணரை மணி ஆவுதுங்க. நான் என்ன பதில் சொல்றது?"ன்னா.

என்கிட்ட அவன் ஒரு நாள் கூட அப்படிக் கேட்டதில்ல. கேட்டிருந்தா எனக்கும் பதில் சொல்ல ஒண்ணு இருந்திருக்கும்.

அன்னிக்குப் பொழுதோட போட்டோவ மறுக்கா மேல கொண்டு போனேன். ஜன்னலச் சாத்துனேன். கரிய நல்லா ஊதி உட்டு, சாம்பிராணிய ஒரு கை அள்ளிப் போட்டேன். எம்பையனுக்காவ இந்த ஊட்ல ஒண்ணாச்சும் பட்டினி கெடக்கட்டும்னு சொன்னேன். வாய் தொறந்து தான் சொன்னேன். வசந்தாமணி வாசப்படியில நின்னு அந்தக் கரியப் பாத்தா. என்னைய நிமுந்து பாக்கலை. அப்படியே திரும்பி எறங்கிப் போய்ட்டா. அன்னையில இருந்து அவ மாடிக்கு வர்றதில்ல. சோறு போட்டு வெப்பா, மூடி வெப்பா. சாப்புட்டீங்களான்னு மட்டும் கேக்கறதில்ல.

அது மறுக்காத் துக்கத்த ஆரம்பிச்சுதுங்க. நாஞ் சொன்னேனில்ல, அதுக்கு எல்லாந் தெரியும். போட்டோவக் கண்டதும் எரைய நிறுத்திருச்சு. ஆனியில வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு மூச்சு வாங்குச்சு, மூக்குல நொர கட்டுச்சு. டாக்டரம்மாவக் கூப்புடலைங்க. கூப்புட்டா மறுக்காவும் ஜன்னலத் தான் தொறப்பாங்க. ஆடியில ஒரு திங்கக்கெழம, நிறுக்கலாம்னு பையத் தூக்கிட்டுப் போறேன், பொட்டிக்குள்ள நேரா நீட்டிக் கெடக்குது. எந்நேரமும் சுருண்டே பாத்ததுங்களா, அன்னிக்கித் தான் அது எவ்வளவு நீளம்னு பாத்தேன். எண்ணூத்தி அறுவது கிராம். மில்லுக்குப் பின்னால முருங்கை மரத்துக்கிட்டக் குழி தோண்டிப் பொதைச்சேன். வசந்தாமணி வரலை. மிசினு ஓடிக்கிட்டே இருந்துது.

இப்பவும் மத்தியான நேரத்துல நான் அந்த ரூமுல போய் உக்காருவேன். வெறும் பொட்டி தான். சும்மா உக்காந்திருக்கறப்ப, அந்த மூலையில ஒரு தலை மெதுவா அந்தப் பக்கம் திரும்பும். தெளிவாத் தெரியும். பாம்புத் தலையா, அவன் தலையான்னு மட்டும் தெரிய மாட்டேங்குது. சாமீன்னு கூப்புடுவேன். திரும்பினது திரும்பினது தானுங்க. மூஞ்சியக் காட்டுறதே இல்ல.

சரி, என்ற கதை கெடக்கட்டும். உங்குளுதுக்கு வருவோம். எந்த ரூமுல வெச்சிருக்கறீங்க? ஜன்னல் இருக்குதுங்களா? அங்க என்ன கொளுத்தறீங்க? கொசுவத்தியா? அதானுங்க. தெனமுமா? இன்னையோட நிறுத்துங்க. கொசு கடிச்சாக் கடிக்கட்டும். போனதும் ஜன்னலத் தொறந்து உடுங்க, பொட்டியத் தண்ணி தொட்டுத் தொடைங்க, ஒரு வாரம் அதைய யாரும் தூக்க வேண்டாம். அப்பறம் எலியச் சூடு பண்ணிக் காட்டுங்க. டாக்டரம்மா நெம்பர் தர்றேன், சளி இருக்குதான்னு ஒருக்காக் காட்டிருங்க. நல்ல பொண்ணு. பத்து நாளு, மிஞ்சிப் போனாப் பதினஞ்சு. தின்னுரும். எழுதி வேணும்னாத் தர்றேன்.

என்னங்க தம்பி, அப்படிப் பாக்கறீங்க? உங்குளுது பொகையில தின்னாம இருக்குது. நம்முளுது அப்படியில்லீங்க. டாக்டரம்மாகிட்ட நம்முளுதப் பத்திக் கேட்டீங்கன்னா வேற ஒண்ணு சொல்லுவாங்க, அவுங்க படிச்சது அவ்வளவு தான். நம்முளுது துக்கத்துல போச்சு. எம்பையனுக்காவப் போச்சு. நீங்க முச்சூடும் கேட்டீங்களே, நீங்களே சொல்லுங்க.

எந்திரிக்கறீங்களே. இருங்க, ஒரு வார்த்தை. துக்கத்துல தான் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க தம்பி.